பேட்ச் ரீயூனியனில் மிஞ்சும் பணம்: சங்கத்துக்குக் கொடுப்பதா, நாங்களே செலவழிப்பதா?

கேட்டவர்: 2001_பேட்ச்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பள்ளியை விட்டு வந்து இந்த வருஷத்தோடு 25 வருஷம். யாரோ வாட்ஸ்அப் குழுவில் "ரீயூனியன் வைக்கலாமா?" என்று கொளுத்திப் போட்டார்கள். குழுவைத் தொடங்கிய பாவத்துக்கு ஒருங்கிணைப்பாளர் வேலை என் தலையில் விழுந்தது. தேதி முடிவாகிவிட்டது, ஹாலுக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. இப்போது சண்டை பணத்தில். பற்றாக்குறை என்றால்கூடச் சமாளித்துவிடலாம், எங்களுக்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டது. வர முடியாதவர்கள்கூட "என் பங்கு இருக்கட்டும்" என்று அனுப்புகிறார்கள். எல்லாம் இப்போதைக்கு என் வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தினமும் குழுவில் பட்டியல் போடுகிறேன். நிகழ்ச்சி முடிந்த பிறகும் கணிசமாக மிஞ்சும்.

பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் கூப்பிட்டு, "மிஞ்சுவதைச் சங்கத்தில் கட்டிவிடுங்கள் தம்பி, நல்ல காரியத்துக்குப் போகும்" என்றார். இதைக் குழுவில் போட்டதும் மூன்று கட்சி ஆகிவிட்டது. சங்கம் என்பது நாலு பெரியவர்கள் வருஷத்துக்கு ஒருதரம் மேடையேறி ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் இடம், அங்கே பைசா கொடுக்கக் கூடாது என்பது ஒரு கட்சி. பள்ளி வாசலில் பேட்ச் பெயர் போட்டு வளைவு கட்டலாம் என்பது இன்னொரு கட்சி. கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்பது மூன்றாவது.

நாலாவதாக ஒரு கூட்டம் வாயே திறப்பதில்லை. குழுவில் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் படிக்கிறார்கள், வருகிறேன் வரவில்லை எதுவும் சொல்வதில்லை. கட்டணம் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இது தவிர, இன்னும் கண்டுபிடிக்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். அதில் பெண்கள்தான் அதிகம்.

இதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

—

நிழல்_மரம்

என் ஓட்டு வளைவுக்கு. உதவித்தொகை யாருக்குப் போகிறது என்று அஞ்சு வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? வளைவு கண்ணெதிரே நிற்கும். காசு போட்ட அத்தனை பேரும் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். சங்கத்தில் கொடுத்தால் கிணற்றில் போட்ட கல்தான்.

—

ரசீது_புத்தகம்

தம்பி, முதல் வேலையாக அந்தப் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுங்கள். வளைவா, உதவித்தொகையா என்பதையெல்லாம் அதற்கு அப்புறம் பேசலாம்.

நான் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் பல வருஷமாகப் பொருளாளர். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தலைவர், "பொருளாளர் பொறுப்புக்கு வேறு யாராவது வருகிறீர்களா?" என்று கேட்பார். அந்த நேரம் பார்த்து எல்லாருக்கும் செல்போனில் அவசரமாக ஏதாவது வந்துவிடும். அதனால் இன்னும் நானே. எங்கள் சங்கத்துக்கு வந்துபோன பேட்ச்களில் முகத்தில் முழிக்காத அளவுக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் யாரும் பணத்தைச் சுருட்டவில்லை. கணக்கு நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நிகழ்ச்சி தள்ளிப்போய், ஹால்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்கிற அன்றைக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கே திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் அந்தப் பணத்தை யார் எடுப்பது? வருமான வரிக்காரர் கேட்டால், இது என் வருமானம் இல்லை என்று நீங்கள்தான் ஒவ்வொரு வரியாக விளக்க வேண்டும். பதிவு செய்யாத குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பது அவ்வளவு சுலபம் இல்லை. ஆகவே இரண்டு பேர் பெயரில் ஒரு கூட்டுக் கணக்கு, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் பணம் வெளியே போகும் என்ற ஏற்பாட்டோடு. அந்த இருவரும் ஒரே நட்பு வட்டமாக இருக்கக் கூடாது. வளைவுக் கட்சியில் ஒருவர், சங்கம் வேண்டாம் கட்சியில் ஒருவர் என்று போட்டுவிடுங்கள். ஒருவர் கண் அசந்தாலும் மற்றவர் அசர மாட்டார். வாரம் ஒருமுறை வங்கி அறிக்கையைக் குழுவில் போடுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கலாம் என்பது தெரிந்தால் போதும்.

அடுத்தது, "மிஞ்சுகிற பணம்" என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. அது எதற்கென்று கொடுக்கப்பட்ட பணம்? ஹாலுக்கும் சாப்பாட்டுக்கும் என்று சொல்லி வாங்கிவிட்டு அதில் வளைவு கட்டினால், கொடுத்தவரைக் கேட்காமல் அவர் பணத்தைத் தானம் செய்கிறீர்கள். படிவத்தில் இரண்டு கட்டம் போடுங்கள்: நிகழ்ச்சிக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு. இரண்டாவது கட்டத்தை நிரப்புவதும் விடுவதும் அவரவர் இஷ்டம். ஏற்கெனவே அனுப்பியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக் கணக்கில் மிஞ்சுவதை அப்படியே அடுத்த ரீயூனியனுக்கு விட்டுவையுங்கள். முப்பதாவது வருஷம் ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கையில் காசு இல்லாமல், பழைய ஒருங்கிணைப்பாளரே தன் பையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு வசூலிக்க அலைவதுதான் பெரும்பாலான பேட்ச்களின் கதை.

வாய் திறக்காதவர்கள் விஷயத்தில் உங்கள் உறுத்தல் நியாயமானது. நிகழ்ச்சிக் கட்டணத்தை அடக்கச் செலவுக்கு மேல் ஒரு காசு வைக்காதீர்கள். முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு, இன்னாரிடம் தனியாகச் சொன்னால் போதும், வேறு யாருக்கும் தெரியாது என்று ஒரே ஒரு வரி போடுங்கள். அந்த "இன்னார்" வாய் கெட்டியான ஆளாக இருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பட்டியல்! இன்னார் இவ்வளவு என்று தொகையோடு பட்டியல் போட்டு, தினமும் சாயங்காலம் புதுப்பித்து, கீழே கைதட்டும் பொம்மைகள். அதை இன்றே நிறுத்துங்கள். தொகை போட்ட பட்டியலில் கீழே இருப்பவர் தன் பெயரைப் பார்த்ததும் வர மாட்டேன் என்று முடிவு செய்துவிடுவார். பெயர் மட்டும் போடுங்கள், அகர வரிசையில்.

இனி சங்கம். "கொடுக்கலாமா" என்று குழுவில் வாக்கெடுப்பு நடத்துவதைவிட, சங்கத்திடம் மூன்று காகிதம் கேளுங்கள். போன வருஷத்துத் தணிக்கை செய்த வரவுசெலவு ஒன்று. கடைசிப் பொதுக்குழுவின் தீர்மானக் குறிப்பு ஒன்று. நிர்வாகிகள் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை, எப்படி மாறுகிறார்கள் என்று சொல்லும் விதிமுறை ஒன்று. ஒழுங்காக நடக்கும் சங்கம் இதை இரண்டு நாளில் அனுப்பிவிடும். "என்ன தம்பி, எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று பதில் வந்தால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் சரியாக இருந்தால் சங்கத்தின் வழியாகவே கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பொருளாளர் அப்படித்தான் சொல்வாள் என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. 25-வது வருஷம் ஒரு பேட்சுக்கு வேகம் அதிகம். எல்லாரும் ஓரளவு நிலைபெற்றிருப்பார்கள், பழசை நினைக்கவும் ஆரம்பித்திருப்பார்கள். இந்த வேகத்தில் தனியாக அறக்கட்டளை தொடங்குவார்கள். அதற்குப் பதிவு, வருடாந்தரக் கணக்குத் தாக்கல், தணிக்கை எல்லாம் உண்டு, பணம் வந்தாலும் வராவிட்டாலும். பத்து வருஷம் போனால் கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவர் வேறு கண்டத்தில் இருப்பார், மற்றவர் போனை எடுக்க மாட்டார். பணம் வங்கியில் தூங்கும். சங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் ஒரு புது பேட்ச் வந்து சேருகிறது. அதனால் ஆள் இல்லாமல் போகாது. தலைமையாசிரியருக்கும் முப்பது பேட்ச்காரர்களிடம் பேசுவதைவிட ஒரு சங்கத்திடம் பேசுவது சுலபம்.

இன்றைக்கும் இயங்கும் முன்னாள் மாணவர் சங்கங்களில் மிகப் பழையது என்று அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி சங்கத்தைச் சொல்வார்கள். 1821-ல் அந்தக் கல்லூரியின் தலைவரே அதை விட்டுவிட்டு, மாணவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு ஊரில் புதிதாக ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியை நடத்தப் போய்விட்டார். பழைய கல்லூரி மூடிவிடும் என்ற நிலையில், படித்துப் போனவர்கள் கூடி அதைத் தாங்கிப் பிடிக்கத் தொடங்கியதுதான் அந்தச் சங்கம். மேடையும் பாராட்டும் எல்லாம் பிற்பாடு சேர்ந்தவை. அதேபோல யேல் பல்கலைக்கழகத்தில் 1890-ல் முன்னாள் மாணவர் நிதி தொடங்கியபோது, பெரும்பணக்காரர் ஒருவரைத் தேடாமல், நிறையப் பேரிடம் வருஷா வருஷம் சின்னத் தொகை வாங்குவது என்று வைத்தார்கள். அந்த வழக்கம் பிறகு பல இடங்களுக்கும் பரவியது. உங்கள் பேட்சும் இந்த ஒருமுறை பெரிய தொகை கொடுப்பதைவிட, அறுபது பேர் ஆண்டுச் சந்தா கட்டும் பேட்சாக இருந்தால் சங்கத்துக்கு அதுதான் பலம். எங்கள் சங்கத்தில் எந்த பேட்ச் அதிகம் கொடுத்தது என்று நான் அறிவிப்பதே இல்லை. எந்த பேட்சில் அதிகம் பேர் கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்வேன். அதில் கஷ்டப்படுபவரும் ஜெயிக்கலாம்.

கொடுக்கும்போது வெறுமனே கொடுக்க வேண்டாம். கூடவே ஒரு கடிதம்: எதற்காக, யார் தேர்ந்தெடுப்பது, எந்தத் தேதிக்குள் செலவுக் கணக்கு எங்களுக்கு வர வேண்டும். சங்கமும் அதைத் தனித் தலைப்பில் வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

உதவித்தொகை என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்ட அசல் கரையாமல் என்றைக்கும் கொடுக்க வேண்டுமானால், பல்கலைக்கழக நிதிகள் வழக்கமாக வருஷத்துக்கு அசலில் 4 முதல் 5 சதவீதம் வரைதான் எடுக்கிறார்கள். மிச்ச வருமானம் விலைவாசியோடு ஓடுவதற்கு. அப்படியானால் வருஷம் 100 ரூபாய் கொடுக்க 2,000-லிருந்து 2,500 ரூபாய் அசல் வேண்டும். உங்களிடம் அவ்வளவு இருக்காது. பரவாயில்லை, ஐந்து வருஷத்தில் தீர்த்துவிடும் திட்டம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே செய்யலாம். ஒன்றே ஒன்று: ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பிள்ளை பள்ளியை முடிக்கும் வரைக்குமான பணம் அன்றே கையில் இருக்க வேண்டும். முதல் வருஷம் போட்டோ எடுத்து, அடுத்த வருஷம் "வசூல் சரியில்லை" என்று நிறுத்துவது, எதுவுமே கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். அந்தக் குடும்பம் அதை நம்பி ஒரு முடிவு எடுத்திருக்கும்.

—

சாக்பீஸ்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நான். வாங்கிக்கொண்ட பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஒவ்வொரு பேட்சும் வரும்போது ஒரு சுவர்க்கடிகாரம் வரும். நடுவில் பேட்ச் பெயர், வருஷம். வகுப்பறை எல்லாவற்றிலும் மாட்டிய பிறகும் அலமாரியில் அட்டைப்பெட்டியோடு இருந்தன. எல்லாம் ஓடினால்கூடப் பரவாயில்லை. பேட்டரி மாற்ற எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று தெரியாமல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டிக்கொண்டு நின்றன. ஒரு பேட்ச் ப்ரொஜெக்டர் கொடுத்தது. விளக்கு போயிற்று, புது விளக்கின் விலை எங்கள் அந்த வருஷத்துச் சில்லறைச் செலவுக்கே சமம். அப்புறம் அது துணி போர்த்தி மூலையில் இருந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தது, திறப்பு விழா நடந்தது, ஃபில்டர் மாற்ற ஆள் வரவில்லை. மாற்றாத ஃபில்டர் வழியாக வரும் தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரே மேல் என்று நானே வாயை மூடிக் கட்டிவைத்தேன். திறந்து வைத்தவர்கள் அடுத்த முறை வந்தபோது கோபித்துக்கொண்டார்கள்.

வளைவைப் பற்றி. நான் பார்த்த ஒரு பள்ளியில் பழைய மாணவர்கள் ஆசையாகக் கட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் பெஞ்சு, மேசை ஏற்றிக்கொண்டு வந்த லாரி உள்ளே நுழைய முடியவில்லை. உயரம் போதவில்லை. பிள்ளைகள்தான் வாசலில் இருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார்கள். லாரிக்கே இப்படி என்றால் தீயணைப்பு வண்டி வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கட்டுமானம் எதுவாக இருந்தாலும் பள்ளி நிர்வாகத்தின் எழுத்து அனுமதி, ஒரு பொறியாளர் பார்த்த வரைபடம், இரண்டும் இல்லாமல் ஒரு செங்கல் வைக்காதீர்கள்.

பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டால், "உங்களால் முடிந்தது" என்பார். நானும் அப்படித்தான் சொல்வேன். கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஒரு தயக்கம். ஆகவே கேட்காதீர்கள், போய்ப் பாருங்கள். வேலை நாளில், இடைவேளை நேரத்தில். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? பெண் பிள்ளைகள் ஒருத்தி உள்ளே போக இன்னொருத்தி வெளியே காவல் நிற்கிறாளா? ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் எத்தனை, பிள்ளைகள் எத்தனை பேர்? நூலகம் திறந்திருக்கிறதா, சாவி யாரிடம்? அலுவலக உதவியாளரிடம் ஐந்து நிமிஷம் பேசுங்கள். எங்கள் வாயில் வராதது அவர் வாயில் வரும். தாழ்ப்பாளில் பேட்ச் பெயர் பொறிக்க முடியாது, அதனால்தான் அது யார் பட்டியலிலும் வருவதில்லை.

எது கொடுத்தாலும் மூன்று வருஷப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். அது முடியாவிட்டால் பொருளைச் சின்னதாக்குங்கள்.

ஆசிரியர்களை அழைப்பது பற்றி ஒன்று. எங்களில் பலருக்கு நெடுநேரம் உட்கார முடியாது. மேடையில் ஏற்றி, கடைசியில்தான் பேசவிடுவோம் என்று மூன்று மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். முதலில் எங்களை முடித்துவிட்டு, உங்கள் கூத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வர முடியாதவர்கள் வீட்டுக்கு நாலு பேர் போய்வாருங்கள், அது போதும். நேரில் பார்த்ததும் "சார், நான் யார் சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைப் பார்த்த கண், உங்களுக்கு இப்போது மீசையும் நரையும் வேறு. பெயரையும் வருஷத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் மிச்சம் தானாக வரும்.

—

மூணாவது_வரிசை

அந்த நாலாவது கூட்டத்தில் நானும் ஒருவன். வேறு பள்ளி, வேறு பேட்ச். ஆனால் அதே ஆள்தான்.

கட்டணம் ஒரு காரணம். பெரிய காரணம் அது இல்லை. எங்கள் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்தது. பெயர், போன் நம்பர், அப்புறம் "தற்போதைய பதவி", "நிறுவனம்", "வசிக்கும் நாடு". மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், கட்டாயமாம். நான் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கட்டத்தில் அதைத் தட்டி அனுப்ப விரல் போகவில்லை. நிகழ்ச்சி நிரலில் "சாதனையாளர் அறிமுகம்" என்று ஒன்று வேறு இருந்தது. அப்படியென்றால் மீதிப் பேர் யார்?

இன்னொன்று, நான் பள்ளியை முடிக்கவில்லை. கடைசி வருஷத்துக்கு முன்பே நின்றுவிட்டேன். "அவன் நம்ம பேட்ச் கணக்கில் வருவானா?" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். எல்லாரோடும் ஒன்பது வருஷம் படித்தவன் நான்.

பட்டப்பெயரும் அப்படித்தான். அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் நெருக்கம் என்று உங்களுக்குத் தோன்றும். வைக்கப்பட்டவனிடம் கேட்டுப் பாருங்கள்.

போன முறை ஒருவன் போன் செய்தான். குழுவில் ஃபார்வர்டு போடவில்லை, நேராக எனக்கே போன். "நீ வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து சேர்ந்து போகலாம்" என்றான். போனேன். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

—

ரசீது_புத்தகம்

மூணாவது வரிசைத் தம்பி சொன்னதை உங்கள் குழுவில் அப்படியே போடுங்கள். உங்கள் படிவத்திலும் பதவி, நிறுவனம் கட்டங்கள் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ரீயூனியனுக்கு ஒரு மனிதர் வருவதற்கு அது எதற்கு? சங்கத்துக்கு வேலைவாய்ப்பு உதவி, வழிகாட்டல் என்று தேவைப்பட்டால் தனியாக, விருப்பம் உள்ளவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பேட்ச் என்பது ஒரு நாளாவது அந்த வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தவர் எல்லாரும். எங்கள் விதிமுறையில் அப்படியே எழுதிவிட்டோம். பாதியில் நின்றவர், வேறு பள்ளிக்கு மாறிப் போனவர், எல்லாரும் உண்டு. ஆளுக்குப் பத்துப் பெயர் பிரித்துக் கொடுத்து, போனில் பேசச் சொல்லுங்கள். குழுவில் போட்ட அழைப்பை அழைப்பாகவே கணக்கில் எடுக்காதீர்கள். கட்டைவிரல் போட்டவர்களை எண்ணிச் சாப்பாடு சொல்லாதீர்கள், அதையும் சொல்லிவைக்கிறேன்.

காணாமல் போனவர்களைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கைகொடுத்தது தம்பி தங்கைகள். ஃபேஸ்புக்கில் பெயர் போட்டுத் தேடினால் பெண்கள் பெரும்பாலும் சிக்க மாட்டார்கள், கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலோ கூடச் சேர்க்கும் பெயரோ மாறியிருக்கும். ஆனால் அவர்களுடைய தம்பியோ தங்கையோ அதே பள்ளியில் இரண்டு மூன்று வருஷம் பின்னால் படித்திருப்பார். அந்த பேட்ச் குழுவில் ஒரு செய்தி போட்டால் ராத்திரிக்குள் நம்பர் வந்துவிடும். வந்ததும் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். முதலில் ஒரு பெண் தோழி தனியாகப் பேசட்டும், நம்பரைக் குழுவில் காட்டச் சம்மதமா என்று கேட்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். அத்தனை பேர் கண்ணிலும் தன் நம்பர் படுவதை எல்லாரும் விரும்ப மாட்டார்கள். அறிவிப்புக்கு மட்டும், நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடிய தனிக் குழு வைத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கப் படங்களைத் தாங்க முடியாமல் வெளியேறுபவர்கள் அதில் தங்குவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய நண்பரின் வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி, அவர் பெயரிலேயே "அவசரம், பணம் அனுப்பு" என்று கேட்பது இப்போது சகஜம். ரீயூனியன் வசூல் நேரத்தில் அது நன்றாகவே எடுபடும். வசூலுக்கு ஒரே ஒரு கணக்கு எண், அது மாறாது, மாறியதாக யார் சொன்னாலும் போனில் குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள் என்று குழுவின் மேலே பின் (pin) செய்து வையுங்கள்.

அப்புறம் பேட்ஜ். பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, பள்ளிக் காலத்துக் குரூப் போட்டோவிலிருந்து அவரவர் முகத்தை வெட்டி ஒட்டுங்கள். 1975-ல் ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 392 பேரிடம் பள்ளித் தோழர்களைப் பற்றிச் சோதித்தார்கள். பள்ளி ஆண்டு மலரில் இருந்த பழைய முகங்களைக் காட்டினால், 35 வருஷம் ஆனவர்கள்கூடப் பத்தில் ஒன்பதை அடையாளம் கண்டார்கள். எதையும் காட்டாமல் தோழர்கள் பெயரை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் அதைவிட மிகவும் குறைவு. நம் மண்டையில் இருப்பது பதினாறு வயசு முகம், எதிரே நிற்பது நாற்பத்திரண்டு. பழைய படம் பேட்ஜில் இருந்தால் "நீங்க..?" என்று இழுக்கும் சங்கடம் பாதி குறையும்.

இறந்துபோனவர்கள் பட்டியலை யாராவது ஒருவர் முன்கூட்டியே உறுதி செய்துவிடுங்கள். மேடையில் உயிரோடு இருப்பவர் பெயரை வாசித்த கதையும் எனக்குத் தெரியும்.

—

2001_பேட்ச்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஆன்லைனில் கூடிப் பேசினோம். கூட்டுக் கணக்கு முடிவாகிவிட்டது. அக்கா சொன்னபடி இரண்டு எதிர்க்கட்சிக்காரர்கள். படிவத்தில் பதவி, நிறுவனம் போய், "பள்ளிக்கு" என்ற கட்டம் வந்துவிட்டது. தொகைப் பட்டியலை நிறுத்தியதற்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், இருவருமே மேலே இருந்தவர்கள். மூணாவது வரிசை அண்ணன் எழுதியதைக் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் இதுவரை வாயே திறக்காத ஒருத்தி, "நான் வருகிறேன், ஆனால் என்னை யாரும் அந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது" என்று எழுதினாள்.

சங்கத்திலிருந்து வரவுசெலவும் தீர்மானக் குறிப்பும் வந்துவிட்டன, பார்க்க ஒழுங்காகவே இருக்கின்றன. விதிமுறை மட்டும் "தேடுகிறோம்" என்கிறார்கள். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? சார், தலைமையாசிரியரிடம் போய்ப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம், இடைவேளை நேரத்துக்கே வரச் சொல்லியிருக்கிறார்.

—

ரசீது_புத்தகம்

தணிக்கைக் கணக்கு கொடுத்துவிட்டு விதிமுறையைத் தேடுகிறார்கள் என்றால் திருட்டுத்தனம் இல்லை, அலட்சியம். பதிவு செய்தபோது தாக்கல் செய்த நகல் பதிவு அலுவலகத்தில் இருக்கும். சங்கம் அங்கே ஒரு விண்ணப்பம் போட்டு வாங்கட்டும். அதுவரை முழுத் தொகையையும் கட்ட வேண்டாம். இந்த வருஷத்துக்கான பங்கை மட்டும் கடிதத்தோடு கொடுங்கள், செலவுக் கணக்கு வந்ததும் அடுத்தது. கூடவே உங்கள் பேட்சிலிருந்து ஒருவரைச் சங்கச் செயற்குழுவுக்கு நிற்கச் சொல்லுங்கள். வெளியே நின்று சந்தேகப்படுகிறாரே, அவரையே. பொருளாளர் பதவிக்கு என்றால் போட்டியே இருக்காது, நான் உத்தரவாதம்.

—

நிழல்_மரம்

சரி, வளைவு வேண்டாம். லாரி கதையைக் கேட்ட பிறகு நானும் வற்புறுத்தவில்லை. ஒரு சின்னப் பலகையாவது வைக்கலாமா சார்? காசு போட்டவர்களுக்கு ஒரு திருப்தி வேண்டாமா?

—

சாக்பீஸ்

தாராளமாக வையுங்கள், அதில் தப்பே இல்லை. தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் வைத்து, பேட்ச் பெயருக்குக் கீழே, ஃபில்டர் கடைசியாக மாற்றிய தேதியை எழுத இடம் விடுங்கள்.